குடிபூரலுக்குக் கொண்டுபோன வெருளி

டென்மார்க்கில் ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் ஐயோ பாவம் என்பார்கள். சுகமில்லையென்றால் கொம்யூன் என்கிற நகரசபை பார்த்துக்கொள்ளும். பொழுதுபோக்கு இல்லையென்றால் மட்டும் அவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் பல வருடங்கள் அப்படிப் பார்க்கப்பட்டவன்.

எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மத்தியானம் ரொட்டியும் மீனும் சாப்பிடுகிற நேரத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைப் பற்றிக் கதைப்பார்கள். ஒருத்தி பறவை பார்ப்பவள். ஒருவன் மாசிக் குளிரில் கடலில் குளிப்பவன் (யாரும் துரத்தாமலே). நீ என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டார்கள். நித்திரை கொள்வேன் என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை.

நாற்பது வயதில் மனிதனுக்குப் புத்தி வரும் என்பார்கள். எனக்கு வந்தது உளி. புரொண்பியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் மாலை வகுப்புகள் நடத்துவார்கள். மட்பாண்ட வகுப்பு நிறைந்துவிட்டது. மரம் செதுக்கும் வகுப்பில் இடம் இருந்தது. இடம் ஏன் இருந்தது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவனுக்கு இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது.

வகுப்பு எடுத்தவர் பென்ட் என்ற தாடிக்காரர். அவருக்குப் பைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: டீக்கி. பசிபிக் தீவுகளில் மரத்தில் செதுக்குகிற உருவங்களின் பாணி. பெரிய தலை, பெரிய கண், காதுவரை கிழிந்த வாய், பல்லெல்லாம் வெளியே. அந்தத் தீவுக்காரர்களுக்கு அவை தெய்வங்களும் மூதாதையரும், நாங்கள் செய்வது தோட்டத்தில் வைக்கிற பாவனைதான், அதனால் யாரும் பெருமை அடிக்கக்கூடாது என்று முதல் நாளே பென்ட் சொன்னார். அதில் மூதாதையர் என்ற சொல் மட்டும் என் காதில் ஏறியது. மிச்சம் ஏறவில்லை.

பழகுகிறவர்களுக்கு டீக்கிதான் நல்லது என்பது அவருடைய கொள்கை. கண் கோணினால் அது கோபம். மூக்கு உடைந்தால் அது சப்பை மூக்கு. பிழை எல்லாம் குணமாகிவிடும் என்றார். என் வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குப் பொருத்தமான ஒரு கலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே சகோதரம் அவர்தான். கடலுக்கு மேலே நீளுகிற ஸ்டோரபெல்ட் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓகூஸில் இருக்கிறார். அப்பா போனபிறகு எனக்கு அப்பாவும் அவர்தான். முகமும் அப்பாவின் முகமேதான்: அகன்ற மூக்கு, விரிந்த காது, முன்பல்லில் ஒரு இடைவெளி. அந்த அண்ணை அப்போது என்னோடு நாலு வருடமாகக் கதைக்கவில்லை.

காரணம் என் வாய். அவருடைய மகள் மதுஷா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்குப் பிள்ளையை வெள்ளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் பக்கத்தில் நின்றவரிடம், "சாமத்திய வீட்டுக்கே இப்பிடியெண்டால், கலியாணத்துக்கு என்ன, ஸ்டோரபெல்ட் பாலத்தை வாடகைக்கு எடுப்பாரோ?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் வீடியோக்காரர். அவருடைய மைக் நல்ல மைக். அண்ணை குடும்பத்தோடு இருந்து வீடியோ பார்த்தபோது, வண்டியிலிருந்து பிள்ளை இறங்குகிற இடத்தில், நாதஸ்வரத்துக்கு மேலாக என் குரல் தெளிவாகக் கேட்டதாம். அன்றைக்கு மூடிய கதவு.

நாலு வருடம் கழித்து அண்ணை புது வீடு கட்டினார். குடிபூரல் அழைப்பு வட்சப்பில் வந்தது, மனைவி பெயரும் என் பெயரும் சரியாக எழுதி. தொலைபேசி எடுத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அழைப்பு. நான் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். அண்ணை என்னோடு ஒரு சொல் கதைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு சோடி வாங்குவோம் என்றாள் மனைவி வாசுகி. உலகத்தில் எந்த அறிவுள்ள தமிழனும் அதைத்தான் செய்திருப்பான். நான் செதுக்கப் போகிறேன் என்றேன். மூதாதையரின் உருவம் வீட்டைக் காக்குமாம். அப்பாவின் முகத்தைச் செதுக்கி அண்ணையின் வாசலில் வைத்தால், அவருக்கு எப்படி இருக்கும்? கண் கலங்கி, என்னைக் கட்டிப் பிடிப்பார். அந்தக் காட்சியை நான் பஸ்ஸில், குளியலறையில், முதியோருக்கு மருந்து கொடுக்கிற நேரத்தில் எல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தேன். (மருந்து மாறிப்போகவில்லை. அது கடவுள் செயல்.)

லிண்டன் மரக்குற்றி ஒன்று வாங்கி, என் நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தி, அப்பாவின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு உளியையும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலையும் எடுத்தேன். மூக்கு வந்தது. சத்தியமாக அப்பாவின் மூக்கு. காதும் வந்தது. பல்லில் இடைவெளியும் வைத்தேன். பிறகு ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது. சரிப்படுத்தப் போய் மற்றதை அதைவிடப் பெரிதாக்கினேன். கீழுதடு வாய்த்துவரும் நேரத்தில் மரம் நீளத்துக்குப் பிளந்தது. நான் அழுகிற நிலையில் நின்றேன். பென்ட் வந்து பார்த்துவிட்டு, உதட்டை விடு, நாக்காக்கு என்றார். அப்படித்தான் என் அப்பாவுக்கு நாடி தாண்டித் தொங்குகிற நாக்கு முளைத்தது.

வாசுகி ஒருநாள் வந்து நெடுநேரம் பார்த்தாள். "மூக்கு மாமான்ரைதான். மிச்சம் ஆற்றை?" என்று கேட்டாள். கலை விளங்காதவள் என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த நாற்பது வயதுக்காரனை எங்காவது கண்டால், கொட்டாப்புளியால் தலையில் ஒன்று போட்டு, குத்துவிளக்கை வாங்கடா என்று சொல்வேன்.

விடியச் சுபநேரம் என்பதால் இருட்டோடு வெளிக்கிட்டோம். அண்ணைக்குக் கொடுக்கிற பொருளைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றுவதா என்று, என் கலியாணப் பட்டு வேட்டியை எடுத்துச் சுற்றினேன். பின்சீற்றில் அது சரிகைக் கரையோடு படுத்திருந்தது. ஸ்டோரபெல்ட் பாலத்தில் ஏறியபோது, "இதுதானே அந்தப் பாலம்" என்றாள் வாசுகி. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

அண்ணை வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து, சாமிப் படங்களை உள்ளே எடுக்க ஐயர் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பட்டுச் சுற்றிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்தேன். நெஞ்சு உயரம், பெரிய தலை, பட்டு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே நினைத்தார்கள்: தம்பிக்காரன் பிள்ளையார் கொண்டு வருகிறான். அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆலாத்தித் தட்டை எடுத்துவந்து அதற்கு மூன்று முறை சுற்றினாள். ஐயர் சந்தனத்தைத் தொட்டு, வேட்டிக்கு மேலாகவே பொட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் முதல் இதுவே உள்ளே போகட்டும் என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"பாரமாக் கிடக்குதடா. மெல்ல. நடு முறியப் போகுது உனக்கு."

நாலு வருடத்துக்குப் பிறகு என் அண்ணை எனக்குச் சொன்ன சொற்கள். இரண்டு பேருமாகப் படியேறினோம். அந்த வாசற்படியில் நான் தடக்கி விழுந்து, அது உடைந்து, எனக்குக் காலும் முறிந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் சில வேளை நினைப்பதுண்டு. விழவில்லை. பத்திரமாகக் கொண்டுபோய்ச் சாமித்தட்டுக்கு முன்னால் வைத்தோம். பின்னால் வந்தவர்கள் பக்கத்தில் காஸ் அடுப்பில் புதுப்பானையில் பால் ஏற்றினார்கள். பட்டை எடுங்கோ, தீபம் காட்டுவம் என்றார் ஐயர். அண்ணையே தன் கையால் வேட்டியை உருவினார்.

ஐயரின் மந்திரம் பாதியில் நின்றது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீடு கட்டும்போது, கண்ணூறு படாமல் இருக்க வெருளி கட்டுவார்கள். கோரமுகம், முழிக்கண், தொங்குகிற நாக்கு. ஊரார் கண்ணெல்லாம் அதில் போய் விழட்டும் என்பது கணக்கு. வேலை முடிந்ததும், குடிபுக முதல், அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பால் காய்ச்சுகிற வீட்டுக்குள், பிள்ளையாருக்கு முதல், ஆலாத்தி எடுத்து, பட்டுக் கட்டி வெருளியைக் கொண்டுபோய் வைத்தவன் என்னைத் தவிர வேறு ஒருவனும் இருக்க மாட்டான். டீக்கியை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெருளியின் நினைவு ஒரு தரமும் வரவில்லை. அந்தச் சபைக்கு வேறு நினைவே வரவில்லை.

இஷொயிலிருந்து வந்திருந்த கனகர் என்ற பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"வெருளியை வேலை முடிய முன்னமெல்லோ கட்டிறது, தம்பி," என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "மூக்கைப் பாருங்கோ. காதைப் பாருங்கோ. அசல் வீட்டுக்காரர்தான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு அந்த வீடே சிரித்தது. அண்ணை தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார், நாக்கோடு. குதிரை வண்டிக்குச் சிரித்தவன், இப்போது வீட்டுக்கும் சிரிக்க வந்திருக்கிறான் என்று அவர் நினைத்தது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. அதைத் துடைக்க வேண்டும். உடனே துடைக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

"இது நீங்கள் இல்லை, அண்ணை. இது அப்பா."

சிரிப்பு அடங்கிவிட்டது. நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றியவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். உள்ளே வைக்க எடுத்துவந்த அப்பாவின் படம், மாலையோடு, அண்ணியின் கையில் அதற்கு நேரெதிரே இருந்தது. இரண்டையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பால் பொங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை. மணம் வந்து திரும்பியபோது பொங்கி வடிந்து அடுப்பும் அணைந்திருந்தது. எந்தப் பக்கம் பொங்கியது என்று ஐயர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் இரண்டு வேலை செய்து கட்டிய வீட்டில் பால் கிழக்கே பொங்கியதோ மேற்கே பொங்கியதோ என்று தெரியாமலே தான் குடியிருப்பதாக அண்ணி இன்றைக்கும் சொல்லுகிறாள். அதில் நியாயம் இருக்கிறது.

அண்ணை கத்தவில்லை. வேட்டியை ஒழுங்காக மடித்து என் கையில் தந்தார்.

"சாப்பிட்டிட்டுப் போ," என்றார்.

சாப்பிட்டோம். நல்ல சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள் போல. அதற்குப் பிறகு அண்ணை என்னோடு கதைக்கவில்லை. கலியாண வீடுகளில் கண்டால், எனக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றைப் பார்த்துத் தலையாட்டுவார். எங்கள் வீட்டுக்கு எந்த அழைப்பு வந்தாலும், "என்ன கொண்டு போவம், வெருளியோ?" என்று வாசுகி கேட்பாள். இப்போது பிள்ளைகளும் டெனிஷில் கேட்கிறார்கள்.

இந்த மாரியில் மதுஷா படிப்புக்காகக் கொப்பன்ஹேகனுக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். குதிரை வண்டிப் பகிடியைக் கேட்டுத் தனக்கும் சிரிப்பு வந்தது என்றாள். அதை அன்றைக்கே அவள் சொல்லியிருக்கலாம். வெருளி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். பின்வளவில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். அது அப்பப்பாவாக இருக்க முடியாது, தானாகவும் இருக்க முடியாது, ஆகவே செய்தவன்தான் என்று அண்ணை தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். அதன் பெயர் இப்போது சித்தப்பா. குப்பை கொட்ட வேண்டுமென்றால், சித்தப்பாவிடம் கொண்டுபோய்ப் போடு என்பார்களாம்.

"ஆனா அப்பா அதை வடிவாப் பாக்கிறவர், சித்தப்பா," என்றாள். "ஒவ்வொரு வசந்தத்துக்கும் பாசியெல்லாம் பிரஷால தேய்ச்சுக் கழுவி, எண்ணெய் பூசுவார். வேற ஒருத்தரையும் தொட விடமாட்டார்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் அண்ணை குந்தியிருந்து, அந்த மூக்கையும் காதையும், நான் பிளந்த உதட்டையும் கழுவுகிறார். வெட்கம் கெட்ட நம்பிக்கை ஒன்று எழும்பி உட்கார்ந்துவிட்டது.

"ஏனாம்?" என்று கேட்டேன்.

"அம்மாவும் கேட்டவ," என்றாள் மதுஷா. "உக்கிப் போச்செண்டால் அவன் இன்னொண்டு செதுக்கிக்கொண்டு வந்திடுவான் எண்டு சொன்னவர்."

வாசுகி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். மதுஷா சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். கடைசியில் நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? இந்தப் பகிடி இனி எங்கள் வீட்டை விட்டுப் போகாது. வருடத்துக்கு ஒருமுறை என் அண்ணை என் முகத்தைக் கழுவி எண்ணெய் பூசுகிறார், நான் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக.