ஒரு நோலனுக்கு ஆயிரம் பிள்ளைகள்

அடுத்தவர் பூர்வீகத்தைத் தோண்டுவதில் யாழ்ப்பாணத்தாரை வெல்ல ஆளில்லை. கலியாணப் பேச்சு என்றால் மாப்பிள்ளையின் பூட்டன் என்ன வருத்தம் வந்து செத்தார் என்பதுவரை விசாரித்துவிடுவோம். அந்தத் திமிரில்தான் நான் ஒரு டெனிஷ் குடும்பத்துக்கு வேறு யாருடையதோ ஒரு பூட்டனைப் பிடித்துக் கொடுத்தேன்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில். மகள் மாஸ் என்ற டெனிஷ் பொடியனை விரும்பினாள். அவனுடைய தாய் கிர்ஸ்தன். தன் தாத்தா தோமஸ் நோலன் அயர்லாந்திலிருந்து வந்தவர் என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தாத்தாவின் தகப்பனைப் புதைத்த இடத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று கோப்பி குடிக்கும்போது சொல்லிக் கண் கலங்கினார். சம்பந்தி வீட்டில் நல்ல பெயர் எடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? நானே கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அயர்லாந்தின் பழைய குடிசனக் கணக்கெடுப்பு இணையத்தில் இருந்தது. தோமஸ் நோலன் என்றால், எங்கள் வழக்கப்படி நோலன் தகப்பன் பெயர். (எனக்கும் அப்படித்தான். கொமூன் என்கிற நகரசபை அனுப்பும் கடிதமெல்லாம் என் அப்பாவை விளித்தே வரும். அவர் ஹேர்னிங்கைக் கண்ணாலும் கண்டதில்லை.) ஆகவே நோலனைத் தேடினேன். வந்ததெல்லாம் மேரி நோலன், பற்றிக் நோலன், பிரிஜிட் நோலன். பக்கம் பக்கமாக நோலனின் பிள்ளைகள். தலை சுற்றியது.

"இஞ்ச பார், ஒரு மனுசனுக்கு ஆயிரம் பிள்ளையள்" என்றேன் மனைவியிடம்.

"தாய்மார் எத்தினை பேராம்?" என்று கேட்டுவிட்டு அவர் மரக்கறி வெட்டப் போய்விட்டார்.

ஒரு வீட்டில் எங்கள் தோமசே அகப்பட்டார். குடும்பத் தலைவர் ஜோன் நோலன், மகன் தோமஸ் நோலன் என்று தெளிவாக எழுதியிருந்தது. தோமசின் தகப்பன் நோலன் என்றால் இந்த ஜோன் யார்? மூத்த தமையனாக இருக்கும், எழுதியவர் அவசரத்தில் பிழைவிட்டிருப்பார் என்று தீர்ப்பளித்து அந்தப் பக்கத்தை மூடினேன்.

மூன்று வாரம் கழித்து, வேறொரு மூலையில், நோலனையே சொந்தப் பெயராகக் கொண்ட நோலன் மூர் என்று ஒருவர் மாட்டினார். கல்லறை கடற்கரைத் தேவாலயமொன்றில் இருந்தது. அவருக்கு மேலே மூர் என்ற பெயருடைய ஒருவரையும் பிடித்து ஏற்றினேன். கிர்ஸ்தன் உடனே அயர்லாந்துக்குப் பறந்து, பூ வைத்து, அழுது, படமும் எடுத்து வந்தார்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விழாவில் அந்தப் படம் மண்டபச் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. நான் வம்ச அட்டவணையை விரித்து உரையாற்றினேன். கிர்ஸ்தனின் அண்ணன் யென்ஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏன் ஒவ்வொரு தகப்பனுக்கும் மகனுக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் என்று கேட்டார். அப்படித்தானே இருக்கும் என்றேன். டென்மார்க்கிலும் முன்பு அப்படித்தான் என்று ஒரு மேசை எனக்காக வாதாடியது. அயர்லாந்தில் இல்லை என்றது மற்ற மேசை. யார் சொல்வது சரி என்று எனக்கே தெரியவில்லை.

மகள் எழுந்து வந்து காதோடு கேட்டாள். "அப்பா, எங்கட பேர் மாதிரி நினைச்சே தேடினீங்கள்?"

"ஓம்."

"அவையளுக்குத் தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பப் பேர்தான் அப்பா."

கிர்ஸ்தன் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். "அப்ப நான் ஆருக்குப் பூ வைச்சனான்?" என்று டெனிஷில் மெதுவாகக் கேட்டார். நான் வெட்கத்தில் செத்தேன். மகளின் கலியாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். பிறகுதான், நான் மூடிய பக்கத்து ஜோன் நோலனைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மகள் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டினாள்.

கலியாணம் நடந்தது. அடுத்த கோடையில் கிர்ஸ்தன் என்னையும் இழுத்துக்கொண்டு ஜோன் நோலனின் கல்லறைக்குப் போனார். திரும்பும் வழியில் நோலன் மூரிடமும் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கல்லறையில் தான் வைத்த பூவைத் தவிர வேறு பூவே இல்லை, இனி எப்படி விடுவது என்றார். இன்றுவரை வருடந்தோறும் போகிறார்.

போன மாதம் பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப மரம் வரைந்தாள். நோலன்கள் எல்லோரும் கிளைகளில் ஒழுங்காக இருந்தார்கள். மரத்தடியில் தனியாக ஒரு கதிரை போட்டு ஒருவரை இருத்தியிருந்தாள். யாரென்று ஆசிரியை கேட்டாராம்.

"நோலன் மூர். எங்கட ஆள் இல்லை, ஆனா தாத்தா கூட்டிக்கொண்டு வந்திட்டார்" என்றாளாம்.