ஏரிக்குள் விழுந்த போனும் ஆர்லினின் நகல் கொள்கையும்

உங்கள் கம்ப்யூட்டர் திடீரென்று உயிரை விட்டுவிட்டது. பத்து வருஷத்துப் படங்கள் அதற்குள். நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறீர்கள். அப்போது, "அடடா, பாவமே" என்று சொல்வதற்கும் முன்னால், தலையை லேசாகச் சாய்த்து, நோயாளியை விசாரிக்கிற டாக்டரின் குரலில் "பேக்கப் இருக்கா?" என்று கேட்கிற ஒருவர் பக்கத்தில் நிற்பார். இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவா கேட்கிறார்? இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறார். அவர்தான் பேக்கப் பண்டிதர்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் பாதி வருஷம் பனி கொட்டி, மனிதர்களை வீட்டின் அடித்தள அறைக்குள் துரத்திவிடுகிற, அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற இடங்களில்தான் இது நன்றாகக் கொழுத்து வளர்கிறது. அங்கே பெமிட்ஜி என்ற ஊரில் வசிக்கும் ஆர்லின் ஸ்டெனரூடைப் பாருங்கள். பிழைப்புக்கு, பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் வண்டிகள் எந்தத் தெருவுக்கு எப்போது போக வேண்டும் என்று வழி வகுத்துக் கொடுப்பவர். வாழ்வதோ நகல்களுக்காக, அதாவது பேக்கப்புக்காக.

சர்ச் விருந்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். தெரியாத்தனமாக யாராவது வந்து உட்கார்ந்து பேரன் படத்தைக் காட்டினால் போதும்.

"அழகா இருக்கான். இந்தப் படத்த எங்க வச்சிருக்க?"

"போன்லதான்."

"போன்ல மட்டுமா?"

அவ்வளவுதான். தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆறி, மேலே பாலாடைக்கட்டி இறுகி, காப்பி தீர்ந்து, நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பிக்கும்வரை, மூன்று நகல் வேண்டும், அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும், அந்த வீடும் ஒரே சூறாவளியில் அடித்துக்கொண்டு போகிற தூரத்தில் இருக்கக் கூடாது என்று ஆர்லின் விளக்கிக்கொண்டே இருப்பார். பேரன் அதற்குள் வளர்ந்து கல்லூரிக்கே போயிருப்பான்.

சொல்வதைச் செய்பவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. அடித்தள அறையில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வர் கம்ப்யூட்டர் இராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் நகல் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டியில். இன்னொரு நகல் பக்கத்து மாநிலத்து ஃபார்கோவில், கொழுந்தியாளின் அலமாரியில், பனிக்கால பூட்ஸ்களுக்கு நடுவே. நாலாவது ஒன்று இணையத்தில், கிளவுடில். இவ்வளவு காவலுக்குள் இருப்பது என்ன? எப்போதோ விற்றுவிட்ட பனி தள்ளும் இயந்திரத்தின் கையேடு. கொல்லைப்புற வெப்பமானி ஒன்பது வருஷமாகக் காட்டிய அளவுகள். வண்டிக்கு டயர் மாற்றிய ரசீதுகள். மின்னசோட்டாவே ஏரிக்குள் மூழ்கினாலும் ஆர்லின் எந்தத் தேதியில் டயர் மாற்றினார் என்பது அழியாது.

ஒன்று மட்டும் பாக்கி. அவருடைய மனைவி மார்னியின் போன்.

அசட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு எந்த முறை சிறந்தது என்று இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான். கிளவுடில் ஏற்றலாம், ஆனால் நம் பொருளை அடுத்தவர் வீட்டில் வைப்பதுபோல. வீட்டு சர்வரில் ஏற்றலாம். ஆனால் போன் தூங்கிவிட்டால் நகல் எடுப்பதும் பாதியில் தூங்கிவிடும். வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரோடு கம்பி போட்டு இணைத்து எடுக்கலாம். அந்தக் கம்பி எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதிலேயே ஒரு கோடைகாலம் போய்விட்டது.

"ஏதாவது ஒண்ணு பண்ணு ஆர்லின்" என்றாள் மார்னி.

"ஏதாவது ஒண்ணு பண்றதுக்குப் பேர் கொள்கை இல்ல மார்னி."

அந்த போனில் படங்களைவிட முக்கியமான ஒன்று இருந்தது. மார்னியின் அம்மா ஆல்வினா போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில் காலமானார். மகள் போனை எடுக்காத நாட்களில் அவர் பேசிப் பதிந்துவிட்டுப் போன செய்திகள் ஏழெட்டு அதில் இருந்தன. எல்லாமே "ஒண்ணுமில்லடி, சும்மாதான் கூப்ட்டேன்" என்று ஆரம்பித்து, முழங்கால் வலியில் தொடங்கி, பக்கத்து வீட்டு நாயில் முடியும். மார்னி நடுவில் போன் கம்பெனியை மாற்றிவிட்டதால் பழைய கம்பெனியிலும் அவை இல்லை. இருந்த ஒரே இடம் அவளுடைய கோட்டுப் பை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு வெண்டெல் இருவரையும் மீன் பிடிக்கக் கூப்பிட்டார். உறைந்த ஏரியின் நடுவே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கும் அவருடைய மரக்குடிலில் ஒரு ஹீட்டர், மூன்று மடக்கு நாற்காலிகள், தரையில், கீழே உள்ள பனிக்கட்டியைத் துளைத்து, வாளி அகலத்துக்கு ஓட்டைகள். வெண்டெல் எதையும் எங்கேயும் வைத்துவிட்டு மறப்பவர். தன் போனைப் பிக்கப் லாரிக் கூரைமேல் வைத்துவிட்டு ஓட்டிப்போனவர். ஆர்லின் ஓட்டைக்குள் தூண்டிலை விட்டு, வெண்டெலுக்கு ஹார்ட் டிஸ்கின் ஆயுள் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். மார்னிக்கு ஒரு பெர்ச் மீன் மாட்டியது. அதைப் படமெடுக்கக் குனிந்தாள்.

பிளுக்.

சத்தம் அவ்வளவுதான். மூவரும் ஓட்டையைப் பார்த்தார்கள். கறுத்த தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷப் பழக்கம் ஆர்லினை விடுமா? மனம் தடுப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"பேக்கப் இருக்கா?"

மார்னி மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அத நீதான் சொல்லணும்."

ஹீட்டர் உஸ்ஸென்று எரிந்தது. வெண்டெல் தன் பூட்ஸைக் கவனமாக ஆராய்ந்தார். ஆர்லின் தூண்டில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். டயர் ரசீதுகள் நாலு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து நெஞ்சைக் குத்தியது.

"எங்கம்மா குரல் அதுலதான் இருக்கு" என்றாள் மார்னி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இரு, இரு, இங்க ஆழம் கம்மிதான்" என்று வெண்டெல் எழுந்தார். மீன் இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த சிறு கேமராவை ஓட்டைக்குள் இறக்கினார். திரையில் சேறு, களை, அப்புறம் வெள்ளையாக ஒளிரும் ஒரு சதுரம். போன் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு பெர்ச் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று வெண்டெலிடம் இருந்தது. ஸ்பேனர்களையெல்லாம் ஏரிக்குள் போட்டு மீட்டுப் பழகியவர் அல்லவா? மார்னியின் போன் உறையில் காரில் ஒட்டிவைப்பதற்கான இரும்புத் தகடு இருந்தது. ஆர்லின் குப்புறப் படுத்து, கன்னம் பனிக்கட்டியில் ஒட்ட, கயிற்றைப் பிடித்தார். மார்னி திரையைப் பார்த்து வழி சொன்னாள்.

"இடது பக்கம். இன்னும். உன் இடது இல்ல, என் இடது!"

மூன்று முறை நழுவியது. நாலாவது முறை டக்கென்று ஒட்டிக்கொண்டது. தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தபோது திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பேட்டரி சிவப்புக்கு இறங்கிவிட்டிருந்தது. சார்ஜ் போடும் துளையில் ஈரம் இருக்கிறது, சார்ஜ் ஏறாது என்று போனே எழுதிக் காட்டியது. ஏரி நடுவே சிக்னலும் கிடையாது.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போமோ தெரியாது. ஆர்லின் விரலை மடக்க ஆரம்பித்தார்.

"இப்ப நமக்கு முன்னாடி மூணு வழி இருக்கு. முதல் வழி, உடனே அணைச்சுட்டு வீட்டுக்குப் போய் முழுசா ஒரு நகல் எடுக்கறது. ஆனா மறுபடி உயிர் வராம போகலாம். ரெண்டாவது..."

"மார்னி, உங்கம்மா பேசினத போடு" என்றார் வெண்டெல். தன்னுடைய கீறல் விழுந்த போனை எடுத்து, பதிவுப் பொத்தானை அமுக்கி, அவள் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

ஆல்வினா பேசினார். முழங்காலைப் பற்றி, ஸ்டோரில் வெண்ணெய் விற்கிற விலையைப் பற்றி, அந்த நாயைப் பற்றி. பின்னால் ஹீட்டர் சீறியது, வாளிக்குள் மீன் துள்ளியது. மார்னி கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசிச் செய்தி முடிந்து கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. அப்புறம் அந்த போன் விழிக்கவே இல்லை.

ஆக, ஆல்வினாவின் குரலுக்கு உலகத்தில் இருந்த ஒரே நகல் இப்போது வெண்டெலின் சட்டைப்பையில். லாரிக் கூரையில் போன் வைக்கிற அதே வெண்டெல்! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆர்லின் அந்த லாரிக்குப் பின்னாலேயே, முன் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, கூரையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பெட்ரோல் போட வெண்டெல் நிறுத்திய இடத்தில் இவரும் இறங்கிப் போய் நின்றார்.

"போன் இருக்கா?"

"இருக்குப்பா."

"எந்தப் பையில?"

"ஆர்லின், போய் வண்டில உக்காரு."

வீடு வந்ததும், காலணிகூடக் கழற்றாமல், வெண்டெலின் சமையலறையிலேயே நின்று அந்தப் பதிவை வாங்கிக்கொண்டார். எந்த முறையில்? கைக்கு முதலில் கிடைத்த முறையில். அன்று மாலைக்குள் அது சர்வரில், இரும்புப் பெட்டியில், கிளவுடில் இருந்தது; மறுநாள் ஃபார்கோவுக்கும் போய்விட்டது.

அன்று இரவு மார்னி தங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மறுபடி கேட்டாள். அம்மா நாயைப் பற்றி ஆரம்பிக்கிற இடத்தில், பதிவுக்குள்ளிருந்து இன்னொரு குரல் தெளிவாகக் கேட்டது. "இது சரியான முறை இல்ல வெண்டெல், தரம் ரொம்பக் கொறையும்." ஆர்லினின் குரல்.

பக்கத்தில் நின்ற ஆர்லினுக்குக் காதுமடல் சிவந்தது.

"அந்த இடத்துல என் குரல மட்டும் எடுத்துடலாம். அதுக்கு ஒரு மென்பொருள் இருக்கு. சுத்தமா எடுத்துடலாம்."

மார்னி யோசித்தாள். அப்புறம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும். எங்கம்மா பேசும்போது நீ குறுக்க பேசாம இருந்த நாள் ஏது?"

ஆர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து முதலிலிருந்து கேட்டார்கள். வெண்ணெய் விலை வந்த இடத்தில் ஆர்லின்கூட மூக்கை உறிஞ்சியதாகக் கேள்வி.

இவ்வளவையும் சொன்னது ஆர்லினைக் கேலி செய்ய மட்டும் அல்ல. உங்களைக் கொஞ்சம் கவனிக்கவும்தான். மார்னி குனிந்தபோது, பிளுக் என்ற சத்தம் கேட்டபோது, உங்கள் மனம் அந்தப் பெண் பக்கம் போனதா, அல்லது "இந்த ஆள் பேசாம அந்த வீட்டு சர்வர் முறையத் தேர்ந்தெடுத்திருக்கலாமே" என்ற பக்கம் போனதா? கம்பி விஷயத்தில் உங்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறதா? அதை இந்த நிமிஷமே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் நாக்கு அரிக்கிறதா?

அப்படியானால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த விருந்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று, சத்தமில்லாமல், ஓரக்கண்ணால் மட்டும் பாருங்கள்.