நோவு குறைந்த வழி

யோசப் மேசையடியில், பேனாவும் தாளுமாக. அவர் மனைவி மெட்டில்டா கட்டிலில். அவள் உட்காரும் பிளாஸ்டிக் கதிரை போன கிழமைதான் அவளுக்குக் கீழே உயிரை விட்டிருந்தது. அவள் தம்பி சாள்ஸ் வாசற்படியில். தோட்டத்து மிட்வைஃப் பாஹிமா அரிசி மூட்டையின் மேல்.

மெட்டில்டாவுக்கு எடை குறைக்கும் ஒப்பரேஷன். சின்னத் துளை போட்டு டொக்டர் கையால் செய்வதா, ரோபோவால் செய்வதா என்று முடிவெடுத்து, கன்னியர் மடத்துத் தலைவிக்கு எழுத வேண்டும். மகள் ஜெனிற்றா அங்கே கன்னியாஸ்திரியாகப் பயிற்சியில் இருக்கிறாள்; அவளிடம் போன் கிடையாது. தாயின் நிலைமையை விசாரித்துத் தலைவி மதர்தான் எழுதியிருந்தார்.

"எதுலங்க கூடுதலா நோவும்?" என்றாள் மெட்டில்டா.

"ரோபோவுலயே செய் அக்கா," என்றான் சாள்ஸ். மாணிக்கக் குழியில் அவனுக்கு ஒரு கல் கிடைத்திருந்தது. "செலவு என்னோடது. மெஷினுக்குக் கை நடுங்காது. நோவே தெரியாது."

மெட்டில்டாவின் முகம் வாடியது. அவள் பயப்படுகிறாள் என்று யோசப்புக்குப் பட்டது.

"மெஷின் வெட்டுன தேயிலைய பாத்திருக்கல்ல? கிழிஞ்சி தொங்கும். கையால கிள்ளுனா செடிக்கே தெரியாது. கையாலயே செய்வோம்," என்றார்.

"அப்ப மெஷின்லதான் நோவுமா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு ரோபோவே போதும்."

"பயத்துல மாத்திப் பேசுறா," என்றார் யோசப். "மிஸி, டொக்டரையே கேளுங்க."

பாஹிமா போனில் சிங்களத்தில் நெடுநேரம் பேசினாள்.

"ரோபோவையும் டொக்டர்தான் கையால ஓட்டுறாராம். ரெண்டுலயும் நோவு ஏறக்குறைய ஒன்னுதானாம். அன்னைக்கே எழும்பி நடக்கலாமாம்."

மெட்டில்டா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"சந்தோஷத்துல அழுவுறா," என்றார் யோசப்.

அவர் அழகான கையெழுத்தில் எழுதி, சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினார். பெல்மதுளைக்குப் புறப்பட்ட தோட்டத்துத் தபால்காரரிடம் வாசலில் வைத்தே கொடுத்தார். மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்தது.

"என்ன எழுதினீங்க, அங்கிள்?" செருப்பை மாட்டியபடி கேட்டாள் பாஹிமா.

"சின்ன ஒப்பரேஷன்தான், நோவு பெருசா இல்ல, புள்ளைய அனுப்ப வேணாம்னு."

பாஹிமா அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆண்டவருக்குக் குடுத்த புள்ளைய சும்மா கூப்பிட ஆன்ட்டிக்கு வாய் வரல்லியாம், அங்கிள். எவ்வளவு நோவு இருந்தா மடத்துல வீட்டுக்கு விடுவாங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாங்க."