பம்புசெட்டும் அக்கா கல்யாணமும்

ஆங்கிலத்தில் எனக்கு முழு நம்பிக்கையோடு பேச வந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துத்தான் என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தினேன்.

வார்த்தை, ‘செட்’. நான் திருச்சியில் இன்ஜினியரிங் முடித்து (முடித்தேன் என்பது மரியாதைக்காக, இரண்டு பேப்பர் பாக்கி) அருவி இல்லாத குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குத் திரும்பியபோது, அது ஏற்கனவே அங்கே குடியேறியிருந்தது. வயலில் பம்புசெட், கோயிலில் மைக்செட், கல்யாணத்தில் பேண்டு செட், காலையில் ஓட்டலில் செட் தோசை. நாலு பேர் சேர்ந்து சுற்றினால் ‘அவன் செட்டு’. நான் அதைச் சாதாரண வினைச்சொல்லாக்கி வீட்டுக்குள் விட்டேன். சட்டை இறுக்கிப் பிடித்தால் செட் ஆகல. ரசத்தில் உப்பு குறைந்தால் செட் ஆகல. சென்னையில் ஒரு கம்பெனி என்னை ஏழு நிமிடத்தில் வெளியே அனுப்பியதையும் வீட்டில் இப்படித்தான் அறிவித்தேன்: “அந்தக் கம்பெனி எனக்கு செட் ஆகலம்மா.” (அம்மா நம்பினார். கம்பெனிக்காக வருத்தப்பட்டார்.)

“இவனுக்குத் தமிழும் போச்சு, இங்கிலீஷும் வரல” என்று அப்பா சொல்வார். வேலை இல்லாத அந்த வருடம் எனக்கு அவர் கொடுத்திருந்த ஒரே பொறுப்பு, வயலில் மோட்டார் போட்டு நிறுத்துவது.

அக்கா கலைவாணி அரசுக் கால்நடை மருத்துவர். வயது முப்பத்தொன்று. அதுவரை ஏழு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். முட்டுகிற காளையை மூக்கணாங்கயிற்றில் பிடித்து நிறுத்துகிறவருக்கு அதெல்லாம் பெரிய வேலை இல்லை. எட்டாவதாக வந்தவர் பட்டுக்கோட்டை இளங்கோ. தென்னந்தோப்பும் ஒரு கயிறு மில்லும் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது, நெற்றி பாதித் தலை வரை ஏறியிருந்தது, கனத்த உடம்பு, முகத்தில் அன்றைக்கு வஞ்சனையில்லாமல் பவுடர். பேச்சு மட்டும் கிடையாது. இவரும் போனார் என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு பேரும் கொல்லையில் கால் மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள். அக்கா சமையலறைக்குள் போய், நின்றபடியே மூன்று பஜ்ஜி சாப்பிட்டார். அந்த ஏழு பேர் வந்த நாட்களில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அம்மா என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குச் சம்மதம் என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவோ, “ரெண்டு நாள்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார். கலந்து பேச எதுவும் இல்லை. பெண் வீடு உடனே தலையாட்டக் கூடாது என்று ஒரு கௌரவம். அப்பா தன் போனை எங்கேயாவது வைத்து மறந்துவிடுவார் என்பதால், அவர்களிடம் என் நம்பரையும் கொடுத்திருந்தார்.

அந்த இரண்டு நாளில்தான் மோட்டார் எரிந்தது. குறுவைக்கு நாற்று நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் அவசரம். ‘வோல்டேஜ் கம்மிப்பா’ என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். மோட்டார் கடைக்காரர் ஒரு பேரிங் கொடுத்தனுப்பினார். அதை மாட்டிப் பார்த்தும் பயன் இல்லை. அந்தப் பழைய மோட்டாரை எங்கள் தலையில் கட்டியவரும் அவர்தான் என்பதால் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. கை முழுக்க கிரீசோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர், கனத்த குரல்.

“தம்பி, நாந்தான் பேசுறேன்.”

(எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். யார் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். மோட்டார் கடைக்காரர்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.)

“சொல்லுங்க மாமா.”

“என்ன, செட் ஆயிடுச்சா?”

“எங்க மாமா செட் ஆவுது. சரியா வரல.”

“ஏன் தம்பி, என்னாச்சு?”

“ரொம்பப் பழசு மாமா. பாக்கத்தான் பெருசா இருக்கு. உர்ருன்னு ஒரு சத்தம், அதோட சரி. ஒரு வேலைக்கும் ஆவாது.”

அந்தப் பக்கம் செருமுகிற சத்தம் கேட்டது. குற்ற உணர்ச்சி என்று நினைத்து எனக்கு உற்சாகம் கூடியது.

“மேல பூச்சு பூசிப் புதுசு மாதிரி காட்டினா நாங்க ஏமாந்துடுவமா மாமா?”

“வீட்ல என்ன சொல்றாங்க?” குரல் இறங்கியிருந்தது.

“அம்மா நேத்தே தூக்கி வெளிய போடச் சொல்லிட்டாங்க. கோயம்புத்தூர்ல வேற ஒண்ணு பாத்தாச்சு. சின்னதா, அடக்கமா இருக்கு. நாளைக்கு வந்துடும்.”

“நாளைக்கேவா?”

“ஆமா மாமா. நீங்க வச்சிருக்கிறத வேற யாரு தலையிலயாவது கட்டிடுங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய மனிதரை வாயடைக்க வைத்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு நான் கையைக் கழுவினேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா சம்மதம் சொல்லப் பட்டுக்கோட்டைக்குப் போன் போட்டார். எடுத்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. “எந்தக் கோயம்புத்தூர்க்காரரு?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். லைன் போயிருந்தது.

“காலையில அவரு போன்ல கேட்டப்ப நம்ம பையன் எல்லாத்தையும் தெளிவாச் சொல்லிட்டானாம். பொண்ணு கோயம்புத்தூர்க்காரரோட நல்லா இருக்கட்டும்னு வாழ்த்துறாரு.”

அக்கா என்னை உட்கார வைத்து, பேசிய பேச்சை வரிவரியாகச் சொல்லச் சொன்னார். ‘உர்ருன்னு ஒரு சத்தம்’ வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ‘அம்மா தூக்கி வெளிய போடச் சொல்லிட்டாங்க’ வந்தபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. சன்னல் பக்கம் திரும்பி, “எனக்கு அவரைப் பிடிச்சிருந்துதுடா” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு பட்டுக்கோட்டையில் யாரும் எங்கள் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா என்னை எழுப்பினார். “மோட்டாரைக் கழட்டி மூட்டையில கட்டு. நேர்ல போ.”

“மோட்டார் எதுக்குக்கா?”

“உன் மூஞ்சிய மட்டும் பாத்து யாரு நம்புவா?”

கும்பகோணத்துக்கு ஒரு பஸ், மன்னார்குடிக்கு ஒரு பஸ், பட்டுக்கோட்டைக்கு ஒரு பஸ். மூன்றிலும் அந்த மூட்டையைத் தூக்கி ஏற்றி இறக்கினேன். இடுப்பு கழன்றுவிட்டது. மன்னார்குடி கண்டக்டர் காலால் தட்டிப் பார்த்து, “உள்ள என்னங்க?” என்றார். “எங்க அக்கா கல்யாணம்ணே” என்றேன். அவர் அதன்பிறகு என் சீட்டுப் பக்கமே வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. நான் மூட்டையை நடுக்கூடத்தில் அவிழ்த்தேன். பளிங்குத் தரையில் எண்ணெய் ஒழுகியது. பள்ளிக்கூடத்தில் உலக வரைபடத்தைக் காட்டுகிற வாத்தியார்போல ஒரு விரலை நீட்டி ஒவ்வொன்றாக விளக்கினேன்.

“பழசுன்னு சொன்னது இதத்தான் மாமா. பாக்கப் பெருசுன்னதும் இதத்தான். பூச்சு, இந்தா பாருங்க, இந்தப் பச்சைப் பெயிண்டு.”

“கோயம்புத்தூரு?” என்றார் தாய்மாமா.

“புது மோட்டார் அங்கேருந்து வருது மாமா.”

அதற்குள் இளங்கோ மில்லிலிருந்து வந்துவிட்டார். முகத்தில் பவுடர் இல்லை, தேங்காய் நார்த்தூசிதான். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மோட்டாரின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“இது வோல்டேஜ்ல எரியல. தண்ணி ஏறாம ரொம்ப நேரம் வெறும ஓடியிருக்கு. பக்கத்துல யாரு இருந்தா?”

அப்பாவிடம்கூட ஒப்புக்கொள்ளாததை அங்கே ஒப்புக்கொண்டேன். “நாந்தாண்ணே. போன்ல மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசி ஓவர்.”

“ஜெயிச்சாங்களா?”

“இல்லண்ணே.”

அவர் சிரித்தார். உடம்பு முழுக்கக் குலுங்கிய சிரிப்பு. அவருடைய அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தாய்மாமா மட்டும் அசையவில்லை.

“அதெல்லாம் சரி. பொண்ணுக்கு என்ன அபிப்பிராயம்?”

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்துக்கு என் வாயில் வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. “அக்காவுக்கு... செ...”

“நீ பேசாத” என்று தாய்மாமா கையைத் தூக்கினார்.

அக்காவுக்குப் போன் போட்டு இளங்கோவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு தோப்புக்குள் போனார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. தென்னைகளுக்கு நடுவே அவர் இங்கும் அங்கும் நடப்பதும், கையை ஆட்டிப் பேசுவதும் தெரிந்தது. “இவன் எங்கிட்டகூட இவ்வளவு பேசினதில்ல” என்றபடி அவருடைய அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். இளங்கோ திரும்பி வந்தபோது போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

“ஆவணியில வச்சுக்கலாம்மா” என்றார்.

ஆவணியில் நடந்தது. என் மோட்டாரை அவரே எரிந்த செம்புச் சுருளைப் புதிதாகக் கட்டிச் சரிசெய்து, நிச்சயதார்த்தத்துக்கு வந்த வேனில் பழத்தட்டுகளோடு கொண்டுவந்து இறக்கினார். அதற்கும் யாரோ சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தை அதன்மேல் வைத்து அம்மா போட்டோ எடுத்துக்கொண்டது ஆல்பத்தில் இருக்கிறது.

நான் இப்போது தஞ்சாவூரில் ஒரு அலுவலகத்தில் அதிகாரி. எனக்குக் கீழே பதினாறு பேர். ஆனால் அக்கா மகளுக்கு நான் ‘மோட்டார் மாமா’தான். தாய்மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வார். வணக்கமும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. எடுத்தவுடன் சொல்வது இதைத்தான்:

“தம்பி, நான் மனுசங்களப் பத்திப் பேசுறேன்.”