எங்களை டவுன் ஜனம் என்று சொல்லிவிட்டார்கள்

மரியாதைக்குரிய ஓரின் அண்ணனுக்கு,

நெவாடாவிலிருந்து தங்கை இடெல்லா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளை டெல்மரும் சுகம். ஒஹாயோவில் நீங்களும் அண்ணியும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். மரியாதை இத்துடன் போதும் அண்ணா, மேற்கொண்டு என்னால் அடக்க முடியவில்லை.

எங்களை டவுன் ஜனம் என்று சொல்லிவிட்டார்கள்! நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை, சொந்தக்காரி புரூயிட் அம்மாள் விற்கப் போகிறாள். நாங்கள் வாங்காவிட்டால் சூரிய மின்சாரக் கம்பெனிக்காரன் வாங்கி, இடித்துத் தரைமட்டமாக்கிக் கண்ணாடித் தகடு பரப்பிவிடுவான். கிராமத்தில் வீடு வாங்க அரசாங்கம் முன்பணம் இல்லாமல் கடன் கொடுக்கிறதே என்று விண்ணப்பித்தோம். ஆபீஸ் பெண் போனில், "உங்க ஏரியா கிராமத்துல வராதுங்க, ஜனத்தொகை ஜாஸ்தி" என்கிறாள். டெல்மர் போனைப் பிடுங்கி, "எந்த ஜனம்மா? எங்க வாசல்ல நின்னு கத்தினா காட்டுக் கழுதைதான் பதில் சொல்லும்!" என்று கத்தினார். விசாரித்தால், மலைக்கு அந்தப் பக்கம் கட்டிய சிறைச்சாலையின் கைதிகள் அத்தனை பேரையும் எங்கள் ஊர்க் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்! "கம்பிக்குள்ள இருக்கறவன்லாம் எனக்கு அக்கம்பக்கமா? ஒருத்தனாவது ஒரு கப் சர்க்கரை கேட்டு வந்திருக்கானா?" என்று கேட்டார் டெல்மர். கடைசியில் அவள், நேரில் பார்க்க ஓர் அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னாள்.

வந்தவர் பெயர் இபாரா. நல்ல மனிதர்தான், ஆனால் ஜூலை மாதத்தில் வந்தார். சமையலறையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டி, ஐயோ என்று அலறினார். "அது அடுப்புத் தண்ணி மாதிரி கொதிக்கும் சார். குழாய் மணலுக்கடியில வருதில்ல? கோடையில நாங்க ஹீட்டரை அணைச்சு வெச்சுடுவோம். அதோட தொட்டியில ஆறிக் கிடக்கற தண்ணிதான் எங்களுக்குப் பச்சைத்தண்ணி" என்றேன். "அப்ப வெந்நீர் வேணும்னா?" "இப்பத் தொறந்தீங்களே, அதான்." அவர் எதையோ எழுதிக்கொண்டார். அப்புறம் ஏர்கூலரின் அடியில் குனிந்தவர், குனிந்தபடியே, "மேடம், இது கயிறா?" என்றார். "கயிறு வாலை ஆட்டிச் சத்தம் போடாதுங்க. மெள்ளப் பின்னால வாங்க" என்றேன். டெல்மர் அந்தப் பாம்பை இடுக்கியால் தூக்கி வாளியில் போட்டு மூடி, "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மனிதர் வெளியே ஓடினார். வாசல் சிமெண்டின் சூட்டில் அவருடைய ஷூவின் பசை இளகி அடிப்பாகம் தரையோடு நின்றுவிட்டது. டெல்மரின் செருப்பைக் கொடுத்தனுப்பினோம்.

காரில் ஏறும்போது சொன்னார்: "இது கிராமம்தான் மேடம், அதுல எனக்கு எள்ளளவும் சந்தேகமில்ல. ஆனா 'மனுஷங்க குடியிருக்கத் தகுந்ததா'ன்னு இன்னொரு கேள்வி இருக்கு. அதுக்கு என்னன்னு எழுதறது?"

"இத்தனை வருஷமா குடியிருக்கோமே, எங்களப் பாத்தா உங்களுக்கு என்னவாத் தெரியுது?" என்று கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். அப்படியே காரைக் கிளப்பினார்!

இது அடுக்குமா அண்ணா? என் மகள் ரூத்தைப் பெற்று வளர்த்த வீடு இது. உங்கள் சர்ச்சுக்கு வரும் காங்கிரஸ் சபை அங்கத்தினரைப் பிடித்து, இந்த அநியாயத்தைக் காது நிறையச் சொல்லுங்கள். எங்களை இங்கிருந்து கிளப்ப வேண்டுமானால் கிரேன் கொண்டுதான் வரவேண்டும் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் தேவன் நல்ல சுகமும் நல்ல தூக்கமும் தரட்டும்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
இடெல்லா

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்தது. இபாராதான். கிராமம் என்பதையும் ஒப்புக்கொண்டார்களாம், மனிதர் குடியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார்களாம், ரிப்பேர் செலவையும் கடனிலேயே சேர்ப்பார்களாம். "முப்பத்து மூணு வருஷம் கட்டணும் மேடம், சம்மதம்தானே?" என்றார். டெல்மர் வாசலில் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் குதிக்கிறார். "முப்பத்து மூணு வருஷமா? இங்கயா?" என்றுதான் அண்ணா என் வாயில் வந்தது. அந்தச் சபை அங்கத்தினரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் மாடி அறை காலியாக இருக்கிறதா? டெல்மருக்குத் தெரியாமல் பதில் எழுதவும்.