காயத்ரியின் ஸ்டாண்ட்பை படிப்புகள்

நெய்வேலி நகரியம்,
தைப்பூசம் கழிந்த ஞாயிறு.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஜெயகணேஷ் அவர்களுக்கு, உங்கள் அத்தான் வேலுமணி எழுதுவது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். எங்கள் மகள் காயத்ரியும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், இந்தக் குவார்ட்டர்ஸில் நான் ஹலோ என்றாலே எல்லா அறைக்கும் கேட்கும். ஆகவே கடிதம். தாங்கள் உடனே சாத்தூரிலிருந்து புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில் அவளுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் "சரிப்பா" என்கிறாள். அந்தச் "சரிப்பா"தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மகன் காதுகுத்தில், "அத்தான், இப்ப ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு விதியே வந்தாச்சு" என்று என் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னது நீங்கள்தான். குற்றம் சொல்லவில்லை. நான் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் இருப்பவன். இங்கே நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, பம்பு நின்றால் சுரங்கம் குளமாகிவிடும். அதனால் ஓடுகிற பம்புக்கு மாற்றாக ஒரு ஸ்டாண்ட்பை வைக்காமல் நாங்கள் கண் மூட மாட்டோம். அதே முறையில் காயத்ரிக்கும் ஏற்பாடு செய்தேன். டாக்டராவதற்கு நீட் கோச்சிங். அது கிடைக்காவிட்டால் ஸ்டாண்ட்பையாக கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல். அதுவும் கைகொடுக்காவிட்டால் தபாலில் பி.ஏ. பொருளாதாரம். எதிர் குவார்ட்டர்ஸ் குஞ்சிதபாதம் ஒருநாள், "பொண்ணு என்ன சார் படிக்குது?" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஷிப்ட் பஸ் போய்விட்டது. அதிலிருந்து என்னைக் கண்டால் வெயிலைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு மாப்பிள்ளை. ஒரு கையில தட்டு, ஒரு கையில புஸ்தகம், நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவா. "உக்காந்தா தூங்கிடுவேம்ப்பா"ம்பா. நானும் அதைப் பெருமையா டிபார்ட்மெண்ட் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒருநாள் பாதி பின்னின ஜடையோட காலேஜுக்குப் போயிட்டா, உங்க அக்கா சீப்பைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினா. பால்காரர் கதவைத் தட்டினா உள்ளேயிருந்து "பிரசன்ட் சார்"ங்கிறா. கோயில்ல அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டாங்க, இவ நீட் அப்ளிகேஷன் நம்பரைச் சொன்னா. குருக்களும் பாவம், ஒரு எண் விடாம அதுக்கே அர்ச்சனை பண்ணிக் குங்குமம் குடுத்துட்டார். நான் அப்பவே சுதாரிச்சிருக்கணும். நம்பர் சாமி காதுல விழுந்தா நல்லதுதானேன்னு தட்டுல கூட ஒரு அம்பது ரூபா போட்டுட்டு வந்தேன்.

பூசத்துக்கு முந்தின நாள்தான் வினை. காலையில காலேஜுல விலங்கியல் பிராக்டிகல், மத்தியானம் கடலூர்ல பொருளாதாரப் பரீட்சை. நான் வண்டியை ஆஃப் பண்ணாமலே காலேஜ் கேட்டுக்கு வெளியே நின்னேன். அவ வந்து ஏறினதும் பறந்தேன். வடலூரைத் தாண்டணுமே! பூசத்துக்கு வள்ளலார் சபைக்கு வந்த ஜனத்துல ரோடே தெரியல. ஹாரன் அடிச்சுப் பாத்து, போலீஸ்காரர்கிட்ட கெஞ்சிப் பாத்து, திரும்பினா பின் சீட்டு காலி. வண்டியை அங்கேயே போட்டுட்டுத் தேடி ஓடினேன். எங்க இருக்காங்கிறீங்க? அன்னதானப் பந்தல்ல. ஹால் டிக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு, சம்மணம் போட்டு உக்காந்து, ரெண்டாந்தரம் சாம்பார் கேட்டுக்கிட்டிருக்கா. "ஏ புள்ள, பரீட்சைக்கு நேரமாச்சு!"ன்னு கத்துறேன். பரிமாறின அம்மா, "சாப்புடுற புள்ளைய ஏங்க வெரட்டுறீங்க, நீங்களும் உக்காருங்க"ன்னு எனக்கும் ஒரு இலையைப் போட்டுட்டாங்க. என்ன பண்றது, உக்காந்தேன்.

அப்பத்தான் கேட்டா. "அப்பா, ஸ்டாண்ட்பை பம்பு எப்ப ஓடும்?"

"மெயின் பம்பு நின்னாத்தான்."

"அதுவரைக்கும்?"

"சும்மா நிக்கும்."

"என்னோடது எல்லாம் சேர்ந்து ஓடுதுப்பா. மோட்டார் நான் ஒருத்திதான். எதாவது ஒண்ணைச் சொல்லுங்க, அதை உருப்படியாப் படிக்கிறேன்."

பரீட்சை போனது போச்சு. ஒண்ணைச் சொல்லுன்னா நான் எதைச் சொல்ல? எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ் ஒண்ணையே நம்பி இருந்து, அது மூடின அன்னைக்கு எங்க வீடு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு அந்தப் பயம் இன்னும் போகல மாப்பிள்ளை. என் புள்ள ஒண்ணை நம்பி நின்னு, அதுவும் நின்னுபோச்சுன்னா? அதனாலதான் கூப்பிடுறேன். நீங்க வந்து, எதையும் விட்டுறாதம்மா, எல்லாத்தையும் படின்னு சொல்லணும். மாமா சொன்னா மறுக்க மாட்டா.

அத்தைக்கு என் கும்பிடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். காது குத்திய மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம். அவனுக்கும் இப்போதே ஒரு ஸ்டாண்ட்பை பார்த்து வைப்பது உத்தமம்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்நோக்கும்
வேலுமணி

பி.கு.: கவரை ஒட்டும்போது உங்க அக்கா வந்து, "அவளுக்கு எது பிடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. நான் கேக்கவே இல்லை மாப்பிள்ளை. இத்தனை நாள்ல ஒருதடவைகூடக் கேக்கல. உள்ளே போய்க் கேட்டேன். "தூங்கி எந்திரிச்சுச் சொல்றேம்ப்பா"ன்னு படுத்தவதான். சாப்பாட்டுக்கும் எந்திரிக்கல. உங்க அக்கா மிக்ஸியைத் தொடல, குக்கர் வைக்கல. நான் வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, வர்றவங்களையெல்லாம் வாயில விரலை வச்சுக் காட்டித் திருப்பி அனுப்பிக்கிட்டிருக்கேன். எந்திரிச்சு எதைச் சொல்றாளோ அதுதான் படிப்பு. நீங்க வந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா பாத்துட்டுப் போகணும்னு தோணினா தாராளமா வாங்க. ஆனா காலிங் பெல்லை மட்டும் அடிச்சிறாதீங்க, நான் வாசல்லதான் இருப்பேன்.