பேராசிரியருக்காக நான் செத்த கதை

தான் செத்தால் ஊர் என்ன சொல்லி அழும் என்று அறிந்துகொள்ள எல்லோருக்கும் உள்ளூர ஓர் ஆசை உண்டு. எனக்கு அந்தப் பாக்கியம் இருபத்துநான்கு வயதிலேயே கிடைத்தது. வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, கதலிப்பழம் தின்றுகொண்டே என் செத்தவீட்டு ஒப்பாரியைக் கேட்டேன்.

எல்லாம் ஒரு பேராசிரியரால் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பின்லாந்திலிருந்து எங்கள் ஊரான புத்தூருக்கு வந்தவர். பின்லாந்து, எஸ்தோனியா, ஹங்கேரி, வடக்கு ரஷ்யக் காடுகள் என்று சிதறிக் கிடக்கும் சனங்களின் மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்றும், அவற்றை ஆராய்வதே தன் சீவியம் என்றும் சொன்னார். தமிழ் அந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தமா என்று பார்க்க வந்திருந்தார். (எங்கள் ஊரில் காணி வழக்குக்குத்தான் இப்படிச் சொந்தம் தேடுவார்கள்.) மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவன் என்பதால் என்னை அவருக்குத் துணையாகப் பிடித்துக் கொடுத்தார்கள். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே அளவில் மோசம். அதனால் நன்றாகவே ஒத்துப்போனோம்.

அதே மாதம் நீர்வேலியில் எனக்குப் பெண் பேசி முற்றாகியிருந்தது. பெண்ணின் பெயர் தங்கம். கோயில் வீதியில் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்ததோடு சரி. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டுச் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வி என்னை இராப்பகலாக அரித்தது. அவளுடைய தகப்பனார் புகையிலைத் தோட்டக்காரர். பல்லி சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுகிறவர்.

பேராசிரியர் இளமையில் பனிக்குள் நடந்து, ஊரூராகப் போய்க் கிழவிகளின் ஒப்பாரியைக் குரல் பிடித்துவைக்கும் மெழுகு உருளைகளில் பதிந்தவராம். இங்கேயும் ஒன்று பதிய வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து ஊரில் ஒருவரும் சாகவில்லை. இருந்தாலும் நான் ஒழுங்கு செய்கிறேன் என்று வீரம் பேசிவிட்டேன். (அவருடைய புத்தகத்தில் என் பெயர் வரும் என்ற ஆசைதான், வேறென்ன.)

அம்மா கோயிலுக்குப் போன சமயத்தில் அயல்வீட்டுப் பொன்னு மாமியைக் கூட்டிவந்தேன். ஒப்பாரியில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேராசிரியர் கொண்டுவந்த பதிவுப் பெட்டியின் குழலுக்கு முன்னால் மாமி காலை நீட்டி இருந்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"தம்பி, ஆளில்லாமல் எப்பிடி அழுறது? ஆரையெண்டு நினைக்கிறது?"

"ஆரையாவது நினையுங்கோ மாமி."

"ஐயோ, உசிரோடை இருக்கிறவையைச் செத்ததெண்டு அழுறதோ? சண்டைக்கெல்லோ வருவினம்!"

"அப்ப என்னை நினைச்சு அழுங்கோ. நான் சண்டைக்கு வரமாட்டன்."

மாமி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினார்.

"மாலையும் கழுத்துமாய்ப் பாப்பன் எண்டிருந்தனே,
பாடையும் பறையுமாய்ப் போனியோ என்ரை ராசா!"

நாலு பாஷை படித்தவனே என்றார். (ஒன்றரைதான்.) அயலுக்கெல்லாம் விளக்காய் இருந்தவனே என்றார். இவ்வளவு நல்லவன் இந்த வயதில் போய்விட்டானே என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. பேராசிரியர் ஆனந்தத்தில் உருகிக்கொண்டிருந்தார்.

மாமியின் குரல் குழலுக்குள் மட்டும் போகவில்லை என்பது வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடி வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் உள்ளே வராமல் தெருவில் நின்று கேட்ட ஒருவர் சைக்கிளில் நீர்வேலிக்குப் பறந்துவிட்டார்.

சற்று நேரத்தில் தங்கத்தின் தகப்பனார் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு, கண்ணீரோடு ஓடிவந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நீர் சாகேல்லையோ?"

"இல்லை மாமா, குறை நினைக்காதையுங்கோ."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கத்தினார்.

"கலியாணம் பேசி வச்சிட்டு மாப்பிள்ளைக்கு ஒப்பாரியோ? இந்தச் சம்பந்தம் இவ்வளவோடை சரி!"

என்ன பிரச்சினை என்று பேராசிரியர் கேட்டார். சொன்னேன். தான் போன ஊர்களில் கலியாணத்துக்கு முன் மணப்பெண்ணுக்காக ஒப்பாரி வைப்பதுதான் முறை, ஆகவே நல்லதுதான் நடந்திருக்கிறது என்று முகம் மலர்ந்தார். அதையும் நான் ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன்.

"அப்ப உந்தத் துரையின்ரை ஊரிலையே பெண் எடும்!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பின்னேரம்வரை நான் பாயில் சுருண்டு கிடந்தேன். அம்மாவின் ஏச்சு ஒரு காதிலும் ஏறவில்லை. இனித் தங்கத்தைக் கோயில் வீதியில்கூடப் பார்க்க முடியாது என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. பொழுது சாயும் நேரம் அவளுடைய தகப்பனார் திரும்பவும் வந்தார். முற்றத்தில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீர் செத்திட்டீர் எண்டு கேட்ட நேரம் தொடங்கி அவள் அழுதவள். சாகேல்லை எண்டன், நிப்பாட்டினாள். சம்பந்தம் வேண்டாம் எண்டன், திரும்பத் தொடங்கியிட்டாள். ஒரு நாளிலை ரெண்டு செத்தவீடு என்னாலை தாங்கேலாது. கெதியிலை நல்ல நாளொண்டு பாருங்கோ."

என் சீவியத்தில் அதைவிட இனிப்பான சேதியை யாரும் எனக்குக் கொண்டுவந்ததில்லை.

பேராசிரியர் உருளையோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே யாராவது அதை இன்றும் போட்டுக் கேட்டால், பின்லாந்தைப் பொறுத்தவரை நான் செத்தவன்தான். எங்கள் பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்லாத கலியாணவீடு இல்லை. தங்கம் அதைச் சொல்வதே இல்லை. ஆனால் எனக்கு மூக்கொழுகத் தடிமன் பிடித்து, அனுதாபம் தேடிக் கொஞ்சம் பலமாக அனுங்கினால் போதும், குசினிக்குள்ளிருந்து குரல் வரும்:

"உங்களுக்கு அழவேண்டியதெல்லாம் அப்பவே அழுது முடிச்சிட்டன். எழும்பி மாட்டுக்குத் தண்ணி வையுங்கோ."